சுறாவுக்குள் இல்லை

“உன் அண்ணன் பிடிச்ச சுறா பெருசா, உன் டயாட்டம் பாசி பெருசா?” என்று ஒருமுறை மனைவியைச் சீண்டினான் சென்யோ.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒடார்லே சொன்னாள்: “சுறா கடல்ல அறநூறு பாகம் ஆழத்துக்குக் கீழ இருட்டுல கிடக்கு. இது ஏரித் தண்ணியில, வெயில்ல மிதக்குது. அது நூறு வருஷம் வாழும், இது ஒரு வாரம். ஆனா நீங்க இழுக்கிற அஞ்சு மூச்சுல ஒண்ணு இதோட கூட்டம் குடுக்கிறது. சுறா என்ன குடுத்துச்சு? எங்க அண்ணனுக்குத் தலைக்கனம்!”

அவள் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த அண்ணன் சோவா இப்போது டெஷி ஊர்ச் சவப்பெட்டிப் பட்டறையில், பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தார்.

அந்தக் கடற்கரையில் இறந்தவரின் வாழ்வைச் சொல்லும் உருவத்தில், மீனாகவோ படகாகவோ, சவப்பெட்டி செய்வது வழக்கம். என்ன உருவம் என்பது பிறந்த வீட்டார் முடிவு. ஏரிக்கரையிலிருந்து வந்த எவே இனத்து மாப்பிள்ளை சென்யோவுக்கு அதில் பேச்சே கிடையாது. ஆழ்கடல் சுறா என்று சோவா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாளே சென்யோ தனியாக வந்து, ஒடார்லே வரைந்த படத்தைத் தச்சர் லாம்ப்டேயிடம் கொடுத்தான். மச்சானிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

“சுறா எங்கடா?”

“மாப்பிள்ளை படம் குடுத்தாருங்க...”

இரண்டு முனையும் கூம்பி, நடுவே ஒரு கோடு ஓடி, பக்கமெல்லாம் நூலிழை வரிகளோடு கிடந்தது பெட்டி. சோவா சுற்றி வந்து பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“அட, படகு! கடலோடி வீட்டுப் பொண்ணுக்குப் படகும் பொருத்தம்தான். பரவாயில்லையே மாப்பிள்ளை! லாம்ப்டே, இந்தக் கீறலையெல்லாம் மூடி சிவப்பு அடி. பின்னாடி மோட்டார் வை.”

சென்யோ தலையாட்டினால் போதும். எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். லாம்ப்டே தூரிகையைச் சிவப்பில் தோய்த்தான்.

சென்யோ பெட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

“அது படகு இல்ல மச்சான். டயாட்டம். அந்த வரி ஒண்ணுகூட அழியக்கூடாது.”

“கண்ணுக்கே தெரியாத பாசிக்குள்ளயா என் தங்கச்சியை வைக்கிறது? ஊரே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்.”

“நீ யாருய்யா சொல்ல? அவ எங்க வீட்டுப் பொணம்.”

“பொணம் உங்களுது. சொன்ன வாய் அவளுது.” சென்யோ நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. “முப்பது வருஷம் எங்க ஊர் ஏரித் தண்ணிய நுண்ணோக்கியில வச்சு அவதான் பார்த்தா. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. உங்களுக்குப் பயந்து பன்னிரண்டு நாளா முழுங்கிட்டிருக்கேன்.”

சென்யோ பெட்டியின் வரிகள்மேல் கையை வைத்தான்.

“‘நான் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தேனே, அதுக்குள்ளயே என்னைப் படுக்க வச்சிடுங்க’ன்னு கேட்டா, மச்சான்.”