டர்போ மாப்பிள்ளை

என் கணவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். என் காரின் பானெட்டைத் திறப்பார், அவ்வளவுதான். அதற்குக் குடித்துத் தொலைத்திருந்தாலாவது வண்டி பிழைத்திருக்கும்.

கார் என்னுடையது. ஊருக்கு வெளியே இருக்கிற ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். நோயாளிகள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். விடியும்போதே போய் ரத்தம் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஏற்கெனவே பலமுறை தாமதம். "இன்னொரு தடவை லேட்டானா வராதீங்க, வீட்லயே இருந்துக்கோங்க" என்று சூப்பர்வைசர் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எல்லாத் தாமதத்துக்கும் காரணம் எங்கள் வீட்டு விஞ்ஞானிதான். முதலில் என் ஹேர் டிரையர் காணாமல் போனது. வீடெல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால், இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயில் டேப் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டர்போவாம்! அப்புறம் மைலேஜ் கூடும் என்று பெட்ரோல் டேங்கில் அந்துருண்டையைப் போட்டார். வண்டி பீரோ மாதிரி மணத்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு முறையும் அதை இழுத்துக்கொண்டு போய் என் அண்ணனின் ஒர்க்ஷாப்பில்தான் விடுவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இவர் கைவைத்த வண்டி வந்தால், எல்லோரும் கூடிய பிறகுதான் பானெட்டைத் திறப்பார்கள். வெல்டர், பெயிண்டர், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வரை ஆஜர்.

"என்ன மாப்ள, இன்ஜினுக்குத் தலைக்கு ஊத்தினீங்களா? டிரையர்லாம் போட்டிருக்கீங்க!" என்பான் அண்ணன்.

"டேங்க்ல இனி பூச்சி அண்டாது, கவலைய விடுங்க" என்பார் வெல்டர்.

இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். இந்த மனுஷனுக்குக் கேலி என்றுகூடப் புரியவில்லையே என்று எனக்கு வயிறு எரியும்.

சூப்பர்வைசர் சொன்ன அன்று சாயங்காலம் இவரை உட்காரவைத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "என்னங்க, இனிமே வண்டியத் தொடாதீங்க. வேலை போயிடும்."

"சரிம்மா, தொடல" என்றார்.

அந்த வாரமே வண்டி பாதி வழியில் கொதித்து நின்றது. பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக நுரை பொங்கிப் பொங்கி ரோட்டில் வழிந்தது. பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, உள்ள துணி ஊற வச்சிருக்கீங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு, பால்காரரின் வண்டியிலேயே கெஞ்சி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குப் பதிலாக வேறொரு பெண் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா திட்டவில்லை. அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் ஒர்க்ஷாப்புக்குப் போனபோது வண்டி அங்கே வந்துசேர்ந்திருந்தது. இவர் நடுவில் நிற்க, சுற்றிலும் ஒரே கும்மாளம்.

"சோப்புத் தூள நெஜமாவே கொட்டிட்டாருப்பா!" பெயிண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்தான். "ரேடியேட்டர்ல போட்டா தண்ணி வழுக்கிட்டு ஓடும்னு விளையாட்டுக்குச் சொன்னேன் பாப்பா. போடுவாருன்னு கனவா கண்டேன்?"

"எனக்கு வேலை போயிடுச்சு" என்றேன்.

சிரிப்பு அடங்கியது. பஞ்சர் கடைக்காரர் மட்டும் அடக்கமாட்டாமல் திரும்பி நின்று இருமினார்.

வந்த ஆத்திரத்தில் இவர் சட்டையைப் பிடித்தேன். "சூடு சொரணையே கிடையாதா உங்களுக்கு? உங்களக் கிறுக்கனாக்கி வேடிக்கை பாக்குறாங்க. அதுகூடவா புரியல?"

அவர் என் விரல்களைச் சட்டையிலிருந்து விலக்கினார். "புரியாம என்ன? சோப்பு போட்டா நுரைக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

"நான் வந்தா இவங்க கையில இருக்கிற வேலையப் போட்டுட்டு ஓடி வராங்க. வேற எங்க போனாலும் யாரும் நிமிர்ந்துகூடப் பாக்குறதில்ல. நம்ம வீட்லயும் சேத்துத்தான்."

"அப்ப என் வேலை?"

"உனக்கு வேற ஆஸ்பத்திரி கிடைக்கும்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று ஆசையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.