படத்தில் இல்லாத நாவலடிமடு

ஓர் ஊர் இருக்கிறது என்று காட்ட ஒரு மனிசன் எத்தனை அரசாங்கக் கந்தோர்தான் ஏறி இறங்குவான்? இளையதம்பிக்கு அலுத்துப் போயிற்று. கிளிநொச்சிக்குப் போனால் வவுனியாவுக்குப் போ என்றார்கள். வவுனியாவுக்குப் போனால் பெரிய கிளாக்கர் லீவு என்றார்கள். ஓமந்தைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்கினதுதான் மிச்சம்.

சங்கதி இதுதான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்த நாவலடிமடுக் குளத்தைத் திருத்தி, கீழேயுள்ள காட்டை வெட்டி, குடியேற வருகிற ஆக்களுக்குப் பிரித்துக் கொடுக்க அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. வரட்டும், நல்லாய் வரட்டும். ஆனால் அந்தக் காட்டுக்குள் பரம்பரையாய் நெல் விதைக்கிற பத்துப் பன்னிரண்டு குடி இருக்கிறதே, அதுகள் எங்கே போகிறது? ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. பழைய அரசாங்க அளவைப் படத்தில் ஊர் இருந்தால் உங்கள் வயலில் கை வைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தைத்தான் இளையதம்பி தேடித் திரிந்தான்.

கடைசியில் ஒரு கிளாக்கர் இரக்கப்பட்டு, அலுமாரிக்கு மேலிருந்து தூசி பறக்க ஒரு சுருளை இறக்கி மேசையில் விரித்தார். வெள்ளைக்காரன் காலத்துப் படம். ஆறு இருந்தது, வண்டில் பாதை இருந்தது, பக்கத்து ஊர்கள் பெயரோடு இருந்தன. குளம்கூட ஒரு நீலப் பொட்டாய் இருந்தது. ஊர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை.

"காடு எண்டுதான் போட்டிருக்கு," என்றார் கிளாக்கர்.

இளையதம்பி அந்தப் பச்சையை விரலால் தடவிப் பார்த்தான். அவனுடைய வீடு, மாட்டுப்பட்டி, பிள்ளையார் கோயில் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. பாழாய்ப் போன படம். இதற்காகவா இவ்வளவு நாளும் நாயாய் அலைந்தான்?

வீட்டுக்கு வந்தபோது மாமனார் ஏரம்பர் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உந்தப் படம் கீற வந்தவங்களுக்குக் கண் தெரியேல்லையோ? ஊரையே விட்டிட்டாங்கள்."

ஏரம்பர் கயிற்றைக் கீழே வைத்தார். "கண் தெரிஞ்சுது தம்பி. நாங்கள்தான் காட்டேல்லை."

"என்ன கதை இது?"

"வரி போட ஆள் வாறான் எண்டு கதை அடிபட்டுது. அப்ப நான் இளந்தாரி. புகை தெரியப்படாது எண்டு ஊரெல்லாம் அடுப்பை நூத்துப்போட்டு, மாட்டையும் சாய்ச்சுக்கொண்டு காட்டுக்குள்ள போய் இருந்தம். படம் கீற வந்தவங்கள் பாதையில என்னைக் கண்டு, இஞ்ச ஊர் இருக்கோ எண்டு கேட்டவங்கள். இஞ்ச ஆனையும் கரடியும்தான் ஐயா எண்டு சொல்லித் திருப்பி விட்டனான். வரி தப்பிச்சுது."

"வரி தப்பிச்சுது. ஊர் போச்சு."

கிழவர் தலை குனிந்தார். இளையதம்பிக்குக் கோபிக்கவும் சீவன் இருக்கவில்லை. காணிகளைப் பிரிக்கிற தவராசா ஐயா அடுத்த கிழமை வருகிறார் என்று அறிவித்தல் வேறு வந்திருந்தது.

"ஏன் முழிக்கிறியள்?" என்றாள் மனைவி நாகேஸ்வரி. "அப்பு ஆக்கள் நூத்த அடுப்பை நாங்கள் மூட்டுவம். எல்லா வீட்டிலயும் ஒரே நேரத்தில. புகையைக் கண்டால் ஆள் இருக்கெண்டு தெரியும்தானே?"

அப்படியே செய்தார்கள். தவராசா ஐயா குளக்கட்டில் ஏறி, கையிலிருந்த படத்தையும் மரங்களுக்கு மேலே எழும்பின புகையையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அரசாங்கக் காட்டை எரிச்சு, சேனை வெட்டிப் பயிர் செய்யிறது ஆர்? வழக்குப் போடுவன்."

இளையதம்பிக்கு அழுகை வந்தது. அதைவிடக் கூடுதலாய்க் களைப்பு வந்தது. "சேனை இல்லை ஐயா, சோறு. வந்து பாருங்கோ."

வெயிலில் நடந்த மனிசனுக்கும் வயிறு உண்டுதானே. வந்தார். நாகேஸ்வரி தாமரை இலையில் சோறு போட்டு விரால் மீன் குழம்பு விட்டாள். அவர் இன்னொரு தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா படத்தில ஊர் இல்லையே. நான் என்ன செய்யிறது?"

"ஐயா, இப்ப ரெண்டாந்தரம் வாங்கினியளே, அந்தச் சோறு எந்தக் காட்டில விளைஞ்சது?" என்று கேட்டான் இளையதம்பி.

தவராசா ஐயாவின் கை இலையில் நின்றது. பிறகு எச்சில் கையை மடக்கி வைத்துக்கொண்டு, இடக்கையால் சட்டைப் பைக்குள் பென்சிலைத் தேடி எடுத்தார். படத்தை முழங்காலில் விரித்தார்.

"பேர் என்ன?"

கந்தோர் கந்தோராய்ச் சொல்லிச் சலித்த பேர்தான். இளையதம்பி வாயைத் திறக்குமுன்னே, பின்னால் நின்ற ஏரம்பர் முன்னுக்கு வந்து, காது கேளாதவனுக்குச் சொல்வதுபோலச் சத்தமாய்ச் சொன்னார்.

"நாவலடிமடு. ஆக்கள் இருக்கிறம் எண்டும் எழுதுங்கோ."