சின்னவள் போட்ட லிஸ்ட்

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது, அதற்குப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தது என் ஓரகத்தி என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. நன்றாகவே எரிந்தது.

பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். எந்த மதர்போர்டுக்கு எந்த ரேம் ஒத்துப்போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலாளிக்கே சந்தேகம் வந்தால் என் பக்கம்தான் திரும்புவார். அப்படி ஒருத்தி வீட்டில் இருக்கும்போது, இரண்டு மாதம் வீடியோ பார்த்தவள் லிஸ்ட் போடுகிறாள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்றால் இதுதான்.

கம்ப்யூட்டர் என் நாத்தனாருக்கு. என் கணவருக்குத் தங்கை, என் கொழுந்தனுக்கு அக்கா. கல்யாணம் சரிப்பட்டு வராமல் மூன்று வருஷத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் தோளைக் குறுக்கிக்கொள்வாள், இரண்டாம் முறை போட்டுக்கொள்ள மாட்டாள். இப்போதுதான் அவளுக்கு ஒரு வேலை அமைந்து வந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை வீட்டிலிருந்தே கேட்டு டைப் செய்து கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, அங்கிருந்தபடியே நம் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் திங்கட்கிழமை முதல் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

அவள் வந்த முதல் வருஷம் எனக்குத்தான் தோழி. நான் கடையிலிருந்து வரும்வரை டீ குடிக்காமல் காத்திருப்பாள். கடைக்கு வந்து போனவர்களைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, சிரிக்கவே மறந்திருந்தவள் மெல்லச் சிரிக்கப் பழகினாள். பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். வந்த மறுமாதமே இருவரும் துணி உலர்த்த மாடிக்குப் போனால் முக்கால் மணி நேரம் ஆனது. நாலு துணிக்கு முக்கால் மணி நேரம். நான் வீடு திரும்பும்போது டீ டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. என் பங்கு பிளாஸ்கில் இருந்தது. கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டால், பகலெல்லாம் கடையில் இருக்கிறவளுக்குப் பகலில் தோழி எதற்கு என்று கேட்டார். அவரிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னவள் நோட்டுத்தாளோடு என்னிடம் வந்தாள். நாத்தனார் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கடையில் வாங்கினால் ஊழியர் சலுகை கிடைக்குமாம், அதனால் லிஸ்டில் உள்ளதை அப்படியே எடுத்து வந்துவிட வேண்டுமாம். அதாவது யோசிப்பது அவள், சுமப்பது நான். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

தாளை வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பணம் மிச்சம் என்று எல்லோரும் முதலில் கை வைக்கும் பவர் சப்ளையில் அவள் கை வைக்கவில்லை. பழைய பாணி ஹார்டு டிஸ்க் வேண்டாம் என்று, அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றைச் சின்னதாகப் போட்டிருந்தாள். ரேம் இப்போது ஒன்று, பின்னால் இன்னொன்று செருக இடம் இருக்கும் மதர்போர்டு. டைப் செய்கிற கைக்குக் கீபோர்டு முக்கியம் என்று அதில் மட்டும் கொஞ்சம் தாராளம். மானிட்டர், கொழுந்தனின் சிநேகிதர் வீட்டுப் பழையது, சனிக்கிழமை வரும். நான் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் போட்டிருப்பேன்.

பிறகு ப்ராசஸர் வரிக்கு வந்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஒரே பெயரில் இரண்டு வகை ப்ராசஸர் விற்கிறது. ஒன்றில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உள்ளேயே இருக்கும். மற்றதில் அது கிடையாது, அதனால் விலை குறைவு. அதை வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. மதர்போர்டின் பின்னால் மானிட்டர் வயர் செருக இடம் இருப்பதைப் பார்த்து, பலரும் இதில் ஏமாந்துபோவார்கள். சின்னவள் விலை குறைந்ததைத்தான் எழுதியிருந்தாள். கார்டு லிஸ்டில் இல்லை.

"எல்லாம் சரியா இருக்காக்கா? நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க" என்றாள்.

வாயைத் திறந்தால் போதும். ஒரு வாக்கியம். நாத்தனார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு வரியை அடித்து வேறு எழுதுவார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கடைசிவரை சின்னவள் போட்டதாகவே இருக்கும்.

"நீ பாத்துப் பாத்துப் போட்டிருக்க. சரியாத்தான் இருக்கு" என்றேன்.

புதன்கிழமை கடையில் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினேன். பில் போடும்போது எங்கள் சர்வீஸ்காரர் எட்டிப் பார்த்து, இதில் படம் வராதே என்றார். வீட்டில் ஒரு கார்டு இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் நகர்ந்ததும், மாற்றிக்கொள்ள வந்த பழைய சாமான்கள் கிடக்கும் பெட்டியிலிருந்து நல்ல கார்டு ஒன்றைப் பொறுக்கி, கடையில் ஓட்டிப் பார்த்து, அதற்குரிய காசைக் கல்லாவில் போட்டுவிட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு மோசமானவள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாத்தனாரின் வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் திரை கறுப்பாக நிற்க வேண்டும், சின்னவள் முழிக்க வேண்டும், அக்கா கொஞ்சம் வாங்களேன் என்று கூப்பிட வேண்டும். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஒரே பார்வையில் கண்டுபிடித்து, பையிலிருந்து எடுத்துச் செருக வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். மூன்று நாள் அந்த ஆசையைச் சுவைத்துக்கொண்டே பஸ்ஸில் போய் வந்தேன்.

சனிக்கிழமை கடைத்தெரு அரை நாள்தான். நான் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்துச் சின்னவள் பாகங்களைப் பரப்பியிருந்தாள். திருகாணிகளை மூடிகளில் பிரித்து வைத்திருந்தாள். கொழுந்தன் டார்ச் பிடித்தான். மாமியார் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்பவர் மாதிரி வாசல்படியில் நின்றார். நாத்தனார், பதிவைக் கேட்க வாங்கிய ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அலைந்தாள். நான் சமையலறைக்குள் போய்க் காத்திருந்தேன்.

மூன்று மணிக்குச் சுவிட்ச் போட்டார்கள். மின்விசிறி சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. கொழுந்தன் கை தட்டினான். அப்புறம் மானிட்டரில் ஒன்றும் வரலையே என்று மாமியார் சொல்வது கேட்டது.

நான் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

யாரும் கூப்பிடவில்லை. வயரைக் கழற்றி மாட்டினார்கள். ரேமை எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகினார்கள். கழுவின பாத்திரத்தையே நான் மறுபடி கழுவினேன். மூன்றரை ஆயிற்று. பெரியவளைக் கூப்பிடேன், அவளுக்குத்தானே இதெல்லாம் தெரியும் என்றார் மாமியார். என் கை நின்றது.

"அக்கா அன்னிக்கே பாத்து எல்லாம் சரின்னு சொல்லிட்டாங்கத்தை. சாமான்ல தப்பு இருந்தா அவங்களுக்குத் தெரியாம போகுமா? மாட்டினதுலதான் நான் என்னமோ கெடுத்திருக்கேன்" என்றாள் சின்னவள். எல்லாவற்றையும் முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.

அந்த இடத்திலாவது நான் போயிருக்க வேண்டும். பத்தடி தூரம்கூட இருக்காது. ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது என்று ஒரு வீம்பு. இன்னும் ஐந்து நிமிஷத்தில் கூப்பிடத்தானே போகிறார்கள் என்று நின்றேன். அந்த ஐந்து நிமிஷம் போய் இன்னொரு ஐந்து நிமிஷம் வந்தது. நான் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் இருந்த பக்கம் திரும்பியபோது போன் அடித்தது. கம்பெனிக்காரர் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூப்பிட்டார்.

நாத்தனார் பேசியது தெளிவாகக் கேட்டது. வணக்கம் சொன்னாள். பிறகு, "இல்லைங்க, தயாராகல. சுவிட்ச் போட்டா ஒண்ணும் வரல" என்றாள். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் பேசியது. "ஒரு மணி நேரம் குடுக்க முடியுமாங்க?" என்று கேட்டாள். பிறகு சரிங்க, சரிங்க என்று மட்டும் சொன்னாள். அடுத்த முறை ஆள் எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டு, போனை வைத்தாள்.

சின்னவள் அழுதாள். நான் ஆசைப்பட்டபடியே எல்லோர் முன்னாலும் அழுதாள். கேட்கச் சகிக்கவில்லை.

நாத்தனார் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தாள். கார்டு இருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள்.

"அவள யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்கண்ணி. இந்த வீட்டுல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு தெரியும், நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு அவளுக்கு ஒரு குறை. அதான் இத அவகிட்ட விட்டேன். எப்படியும் லிஸ்ட் உங்க கைக்குத்தானே வரப்போகுது. தப்பு இருந்தா நீங்க விடமாட்டீங்கன்னு எனக்கு தைரியம்" என்றாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "உங்க கண்ணுக்கே தட்டுப்படலன்னா, அப்புறம் யாரைக் குத்தம் சொல்றது?"

கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, கார்டை மேடைமேல் வைத்தேன்.

"இதப் போட்டா வந்துடும்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. இது ஏது என்று கேட்டாள். கடையிலிருந்து என்றேன். எப்போது எடுத்து வந்தேன் என்று கேட்டாள். பொய் சொல்ல நாக்குப் புரளவில்லை. புதன்கிழமை என்றேன்.

அவள் கார்டைப் பார்த்தாள். திறந்திருந்த என் கைப்பையைப் பார்த்தாள். கத்துவாள், அழுவாள், மாமியாரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லிஸ்ட பாத்தப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"சின்னவளுக்கு இது தெரிய வேண்டாம். உங்கமேல உசிரையே வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே போய், எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணி கடையிலிருந்து எடுத்து வந்திருந்தாராம், இப்போதுதான் ஞாபகம் வந்ததாம், இதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

இரண்டு நிமிஷத்தில் திரை வெளிச்சமானது. நாத்தனார் உடனே கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆளை அப்போதே உறுதி செய்துவிட்டார்களாம், மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுகிறார்களாம். மூன்று மாதம்தானே என்று எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்றாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் எப்படி உட்காருவாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு என் முறை வந்தது. படித்துப் படித்துச் சொன்னேனே, பெரியவளை முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று மாமியார் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கொழுந்தன், அண்ணிக்குத் தெரியாத விஷயமா என்றான். மூன்று நாள் நான் கற்பனை செய்த வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. சின்னவள் அழுது சிவந்த முகத்தோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கு இந்த வேலையே வேண்டாம்க்கா. அடுத்த தடவ எது வாங்கினாலும் லிஸ்ட் நீங்கதான் போடணும்" என்றாள்.

நாத்தனார் மேஜைமேல் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இல்ல, நீயே போடு. நல்லாத்தான் போட்டிருந்த. போட்டுட்டு வெளியில யார்கிட்டயாவது ஒரு தடவ காட்டிக் கேட்டுக்கலாம்" என்றாள்.

"வெளியில எதுக்கண்ணி? வீட்டுலயே அக்கா இருக்காங்களே" என்றாள் சின்னவள்.

நாத்தனார் பொறுக்கிய திருகாணிகளை மூடியில் போட்டாள். சின்னவள் என் கையை விடாமல், நானாவது ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.