இருபத்திரண்டு இஞ்ச் ரிம்

அத்தான் அந்தச் சொகுசு வண்டியை வாங்கியதும் நேராக மச்சானின் டயர் கடைக்குத்தான் ஓட்டி வந்தார். ஊரில் வேறு கடையா இல்லை? மனைவியின் தம்பி கடை இருக்கும்போது இன்னொருவனிடம் போவானேன் என்று நினைக்கிற மனிதர் அவர். வேலை அவருக்குக் கல்குவாரியில். போகிற வழி ஆற்றுப்படுகை, முழுக்கக் கல்லும் மணலும்.

கடைக்காரனுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. அந்த மாதிரி வழிக்குச் சின்ன ரிம், தடித்த டயர். மணலில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் டயர் அகன்று, புதையாமல் போகும். கல்லில் ஏறினால் ரப்பர் அடியைத் தாங்கிக்கொள்ளும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். அன்றைக்கு மட்டும் வாயில் வேறு வந்தது.

"இருபத்திரண்டு இஞ்ச் போடுங்க அத்தான். இந்த வண்டிக்கு அதுதான் எடுப்பு."

காரணம் கேவலமானது. பளபளக்கும் பெரிய ரிம்மோடு அந்த வண்டியைக் கடை வாசலில் நிறுத்திப் படம் பிடித்து, சுவரில் மாட்டிக்கொள்ளக் கடைக்கார ஐயாவுக்கு ஆசை. அந்த ரிம்மில் டயர் ஒரு மெல்லிய பட்டைதான் என்பதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அந்த வழி தாங்குமா என்று அத்தான் ஒரே ஒரு தடவை கேட்டார். தாங்கும் என்றான். அதற்குமேல் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

படம் சுவரில் ஏறிய மூன்றாம் வாரம், படுகையின் நடுவில் இரண்டு டயர்கள் பக்கவாட்டில் கிழிந்தன. ஸ்டெப்னி ஒன்றுதான். போனில் சிக்னல் இல்லை. புது வண்டியில் குவாரியைப் பார்க்க ஆசையாகக் கிளம்பிய அக்கா, முழங்கால் வலியோடு உச்சி வெயிலில் ஆறு கிலோமீட்டர் நடந்தாள்.

மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டு இருவரும் கடைக்கு வந்தார்கள். அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று அவன் தயாராக நின்றான். அத்தான் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்க மச்சான். நீ நல்லதைத்தான் போட்டுக் குடுத்த, எனக்குத்தான் ஓட்டத் தெரியல. குவாரியிலயும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். உன் கடைப் பேரு கெடக் கூடாதுல்ல."

அத்தான் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெட்கங்கெட்டவன், அதை விட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அத்தான் கையில் கொடுத்தான்.

அக்கா இதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள். அங்கே அவனுடைய சொந்த ஜீப் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மலைப்பாதையில் ஏறுகிற ஜீப். சின்ன ரிம், தடித்த டயர், காய்ந்த சேறு. வலிக்கிற காலோடு குனிந்து, டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"உன் வண்டிக்கு ஏன்டா இருபத்திரண்டு போடல?"

அத்தானும் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கினார்.