பி பிளாக் கேட்ட சண்டைகள்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன். மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் யாரைக் கேட்டாலும் எப்படியும் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பகலெல்லாம் நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் மறுநாளே பெற்றோர் புகாரோடு வந்து நிற்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் மைனஸையும் மைனஸையும் பெருக்கி மைனஸ் என்று எழுதினாலும், "பரவாயில்ல கண்ணா" என்று இளிக்க வேண்டும். அத்தனையையும் அடக்கிக்கொண்டு, பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தால் அங்கே கதிரேசன் இருப்பான். என் கணவன். கல்லூரியில் கூடப் படித்தவன். கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. அவன் தலையில்தான் எல்லாவற்றையும் கொட்டுவேன்.

"யோவ், இது பீன்ஸாய்யா? இதை வெச்சு பொரியல் பண்ண முடியாது, பந்தல்தான் போட முடியும்!"

"லாரித் தண்ணி காலைல வரும்னான், மத்தியானம் வரும்னான். என்ன, பாலாத்துல ஊத்து தோண்டிக்கிட்டு இருக்கானா?"

கதிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவான். "ஐயோ, இன்னொரு தடவை சொல்லுடி" என்பான். நானும் ஒரு மடச்சி, இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து இன்னொரு தடவை சொல்வேன். "இந்த வாய்க்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போய் அவன் டீ போடுவான். எங்கள் சண்டையெல்லாம் டீயில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோவளம் போய் மீன் வாங்கினால், நான் பேரம் பேசுவதைக் கேட்கவே பக்கத்தில் நிற்பான். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மார்கழியில் ஒருநாள் தண்ணீர் வரவில்லை. கேட்டில் செக்யூரிட்டி வேதசிரோமணியிடம் கேட்டேன்.

"லாரி இன்னும் வர்லக்கா. பாலாத்துல ஊத்து தோண்டிகினு கீறான் போல!" என்று சொல்லி அவரே சிரித்தார்.

நானும் சிரித்தேன். என் சத்தம் பால்கனி வழியாகக் கேட்டைத் தாண்டிப் போகிறதே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பொங்கல் விழாவில் ஜெயகிருஷ்ணன் சார்தான் மைக் பிடித்தார். எங்கள் பி பிளாக்கில் இரண்டாம் மாடிக்காரர். கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்து முடித்ததும் திடீரென்று என் பெயரைச் சொன்னார்.

"அடுத்து நம்ம எஃப்.எம். ஸ்டார் ஆஷா மேடம்! மேடம், அந்தப் பீன்ஸ் பந்தல் ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்!"

ஆண்கள் பக்கம் ஓவென்று சிரிப்பு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதிர் எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினான். அந்தப் பந்தல் பேச்சை நான் சமையலறையில் வைத்துத்தான் சொன்னேன். அன்று கொசுவுக்காக ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தேன்.

எதிர் வீட்டு மெஹ்ரீன் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அவள் கணவர் அயூப் பின்னாலேயே வந்தார்.

"போனைக் குடுங்க," என்றாள் அவரிடம்.

"நான் ஒண்ணும் போடல, ஆஷா. சும்மா கேட்டதுதான்," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"கேட்டீங்கல்ல? அது போதும், குடுங்க." மெஹ்ரீன் போனை வாங்கி என்னிடம் நீட்டினாள். "நானே நேத்துதான் பார்த்தேன்க்கா. எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தெரியல."

பி பிளாக் ஆண்களின் வாட்ஸ்அப் குழு. கதிர் போட்டதெல்லாம் என் குரல். நான் திட்டியது, புலம்பியது, அவன் அக்காவைப் பற்றி முணுமுணுத்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே "இன்றைய நிகழ்ச்சி" என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். ஒருவர் கேட்டிருந்தார்: "என்ன கதிர், ரெண்டு நாளா ஒண்ணும் வரல? மேடம் லீவா?" அதற்கு இவன் பதில்: "பொறுங்க சார். இன்னிக்கு முத்தல் பீன்ஸா பார்த்து வாங்கிட்டுப் போறேன்."

அதை மறுபடியும் படித்தேன். வேண்டுமென்றே வாங்கியிருக்கிறான்.

இன்னொன்றையும் கேட்டுத் தொலைத்தேன். போன வருஷம் என் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து, அவள் இருந்த சிட்லபாக்கம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த நாள் அது. தனியாக நின்று சாமானெல்லாம் ஏற்றினேன். இவன் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், அப்புறம் கத்தினேன். போனில் அழுகை இல்லை, கத்தல் மட்டும் இருந்தது: "ஏன்யா வரல? உன்னை விட்டா நான் வேற யார்கிட்டய்யா போய்க் கத்துவேன்?" கீழே ஜெயகிருஷ்ணன் சார், "மேடம் இன்னிக்கு ஃபுல் ஃபார்ம்!" என்று எழுதியிருந்தார். கதிர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

"சும்மா தமாஷுக்குடி. யாரும் உன்னைத் தப்பா ஒரு வார்த்தை பேசல. எல்லாருக்கும் உன்னை அவ்வளவு பிடிக்கும்."

"அம்மா வீட்டைக் காலி பண்ணிட்டு வந்த அன்னிக்குக் கத்தினது?"

அவன் முகம் வெளுத்தது. "அது... ஏதோ பழக்கத்துல போட்டுட்டேன்."

"பழக்கத்துலயா? நான் அழுததை மட்டும் கரெக்டா வெட்டத் தெரிஞ்சுதே?"

இத்தனை வருஷமும் அவன் ஒருத்தன்தான் கேட்டுச் சிரிக்கிறான் என்று நம்பினேன். அவன் சிரிக்கச் சிரிக்க இன்னும் பேசினேன். பாவி, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பிளாக் முழுவதையும் என் சமையலறைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறான்.

தன் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தான். குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினான். என் காலில் விழாத குறை. அவன் இனிமேல் செய்யமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து என் வாயில் "யோவ்" வரவில்லை. "சாப்பிட வாங்க", "கரண்ட் பில் கட்டிட்டீங்களா" என்று, விருந்தாளியிடம் பேசுவதுபோல அவனிடம் பேசினேன். தண்ணீர் லாரி ஒரு நாள் முழுக்க வராதபோதும் நான் எதுவும் சொல்லவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது, அது அவனைப் போட்டு வாட்டியது.

ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தீய்ந்த வாடை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கதிர் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றிருந்தான். நான் ஓடிப்போய் கேஸை அணைத்தேன்.

"வேணும்னேதான் விட்டேன்," என்றான். குரல் உடைந்தது. "போன் வெளியில ஹால்ல கிடக்கு. பாரு, கையில ஒண்ணுமே இல்ல." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "திட்டு ஆஷா. வாய்க்கு வந்தபடி திட்டு. என்னால முடியல."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கும் திட்ட வேண்டும்போலத்தான் இருந்தது, எவ்வளவு நாளாகிவிட்டது! வாயைத் திறந்தேன். வார்த்தைகூட வந்துவிட்டது, நல்ல வார்த்தைதான். கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். யார் யார் சிரிப்பார்கள் என்று உடனே என் மனசு கணக்குப் போட்டது. ஜெயகிருஷ்ணன் சார் கட்டாயம் சிரிப்பார். அயூப் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பார்.

வாயை மூடிக்கொண்டேன்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றேன். "அடுப்பைத் துடைக்கணும்."