இரட்டைத்தலை ஒயர்

தொட்டியில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. காலையில் அடித்த காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து, கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒயரை அறுத்துவிட்டது. தெருவில் எல்லார் வீட்டிலும் டிவி ஓட, எங்களுக்கு மட்டும் கரண்ட் இல்லை. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மீன் என்றால் உயிர். எனக்குக் காய்ச்சல் வந்தால், "மாத்திரை இருக்குல்ல, போட்டுக்கோ" என்று போய்விடுவார். ஒரு மீன் இரை எடுக்கவில்லை என்றால் ஆபீசுக்கு லீவு. வெளியூர் போயிருந்தவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மெஷின போட்டுரு. முதல்ல மெயின இறக்கிரு, மறந்துடாத."

மெஷின் என்பது பின்வாசலில் இருக்கும் சின்ன ஜெனரேட்டர். தொட்டியோ முன்கூடத்தில். நீளமாக ஒரு ஒயரை இழுத்து மோட்டாரை அதில் சொருகியிருந்தால் வேலை முடிந்தது. கூடத்தில் ஒயர் கிடந்தால் அவருக்குக் கண்ணை உறுத்துமாம். அதனால் இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு ஒயர் செய்திருந்தார். ஒரு தலை ஜெனரேட்டரில், இன்னொரு தலை சமையலறைச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில். சுவருக்குள் ஓடும் ஒயர் வழியாகவே கரண்ட் தொட்டிக்குப் போய்விடும். கடையில் கேட்டபோது, "அப்படியெல்லாம் நாங்க பண்ணித் தர்றதில்ல சார்" என்று சொல்லிவிட்டார்கள். இவர் விடுவாரா? தரையில் உட்கார்ந்து தானே முறுக்கினார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் கரண்ட் வீட்டைத் தாண்டாது, ஏற்றியிருந்தால் வாசல் வழியாக வெளி ஒயருக்கும் போகும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார்.

வாசல் பக்கம் உயரத்தில் இருக்கும் மெயினை ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். இரட்டைத்தலை ஒயரைச் சொருகி மெஷினைப் போட்டேன். தொட்டியில் குமிழி வந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் லைன்மேன், சின்ன வயசுக்காரர், வந்து கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார். தெருவில் இருவர் விழுந்த கிளையை பெட்ரோல் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காது கிழிந்தது. நான் தொட்டியருகே நின்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் பெருமை.

"லைன்மேன் வந்துட்டாரும்மா. ஒயர கட்டின உடனே கரண்ட் வரட்டும்னு மெயின ஏத்தி வெச்சுட்டேன். ஸ்டூல்கூட வேண்டாம், தடியாலயே தள்ளிட்டேன்."

அறுந்து தொங்கும் அந்த ஒயரில் இப்போது ஓடுவது எங்கள் மீனுக்குப் போட்ட கரண்ட். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று கத்தினேன். ரம்பச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. லைன்மேன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். 'இதோ ஆச்சு' என்று கையைக் காட்டினார். பிறகு அந்தக் கையில் போட்டிருந்த உறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.

மாமாவின் தடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அவர் விழுந்தாரா, சுவரைப் பிடித்தாரா, பார்க்கவில்லை. முதல் அடி மெயின் பெட்டியில் பட்டது. அடுத்தது சுவரில். எந்த அடி சுவிட்சில் விழுந்தது என்று தெரியாது. 'டக்'கென்று இறங்கியது. ஆனால் வாசலைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. வெளியே போனால் என்ன பார்க்கப்போகிறேன்? கடவுளே, அந்தப் பிள்ளை ஏணியில் நிற்க வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். நின்றார். ஒயரின் முனை அவருடைய வெறும் கையில் இருந்தது.

"என்னக்கா அவ்ளோ அவசரம்? இப்பதான் ஒயரயே புடிக்கறேன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேனோ. அந்நேரம் ரம்பம் நின்றது. பின்வாசலில் மெஷின் ஓடும் சத்தம் அவருக்கும் கேட்டது. ஒயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்து என்னிடம் காட்டினார்.

"கம்பத்துல இத நானே புடுங்கிட்டேன்க்கா. அதான் தைரியமா தொட்டேன். உங்க வீட்டுக்குள்ளேர்ந்து வரும்னு..." முடிக்காமல் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி சட்டையில் கொட்டியது.

பிறகு, "அந்த ஒயர எடுத்துட்டு வாங்க" என்றார்.

மெஷினை நிறுத்தி, ஒயரை இரண்டு பக்கமும் பிடுங்கினேன். கூடத்தில் மாமா தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். குமிழி எழுந்தது. "நான் என்னம்மா கண்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

லைன்மேன் ஒயரை வாங்கி இரண்டு தலைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்தார்.

"இங்கயே நில்லுங்கக்கா. நான் இறங்கற வரைக்கும் உள்ள போகாதீங்க. ரெண்டு தலையும் உங்க கையில இருந்தாத்தான் நான் ஒயரத் தொடுவேன், எனக்குத் தெரியற மாதிரி தூக்கிப் புடிங்க."

கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினார். உள்ளே என் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான், மீன் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் நகரவில்லை. வெயிலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கைக்கு ஒரு பிளக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே லைன்மேன் ஒயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, தொடாமல், என் கைகளைக் குனிந்து பார்த்தார்.