இருபது ரொட்டி வேகும் நேரம்

பள்ளி மேற்பார்வையாளர் நஸ்ருல்லோ கைப்பட எழுதிய கணக்கு அது. 'ஒரு தந்தூர் அடுப்பில் பத்து ரொட்டி வேகப் பதினைந்து நிமிடம் ஆகும். இருபது ரொட்டி வேக எத்தனை நிமிடம்?' விடை, முப்பது நிமிடமாம். நேர் விகிதத்துக்கு இதுதான் எடுத்துக்காட்டு என்று இஸ்தரவ்ஷான் நகரப் பள்ளிகளுக்கெல்லாம் அச்சடித்து அனுப்பிவிட்டார்.

ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை மஹ்ஃபூஸாவுக்கு வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சுடச்சுட ரொட்டி தின்றே தொப்பை வளர்த்த மனுஷன், ஒருநாளாவது அடுப்புக்குள் எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? அடுப்பின் உட்சுவரெங்கும் அறைந்து ஒட்டினால் பத்தும் இருபதும் ஒரே நேரத்தில்தானே வேகும்? இந்த லட்சணத்தில் இவர் வந்து அவள் பாடத்தை எடைபோடப் போகிறார். அவர் தலையாட்டினால்தான் மூத்த ஆசிரியை என்ற தகுதி கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிய தகுதி.

ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டாள். மேலிடத்து ஆள் பார்க்க வரும் பாடத்துக்கு ஒத்திகை நடத்துவது ஊர் வழக்கம். விடை தெரிந்தால் வலக்கை, தெரியாவிட்டால் இடக்கை, ஆனால் எல்லோரும் கை தூக்கியாக வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கினாள். பலகையில் எழுத, வகுப்பிலேயே கெட்டிக்காரியான ஸர்நிகோரைப் பிடித்தாள்.

"முஅல்லிமா, எங்கம்மா ஒரே அடுப்புல நாப்பது ஒட்டுவாங்க. எல்லாம் ஒண்ணாத்தானே வேகும்?" என்றாள் ஸர்நிகோர்.

"எனக்குத் தெரியாதாடி? நீ முப்பது நிமிஷம்னு எழுது, போதும். அந்த மரமண்டைக்கு அதுதான் வேணும்."

பாடத்தன்று வகுப்பே கை தூக்கியது. ஸர்நிகோர் பெருக்கி, வகுத்து, முப்பது என்று அழகாக எழுதினாள். நஸ்ருல்லோ பூரித்துப்போனார்.

"பலே! புள்ளைங்க ரத்தத்துலயே விகிதம் ஊறிக்கிடக்கு, முஅல்லிமா! உங்க தகுதி உறுதின்னு வச்சிக்குங்க."

அவர் போனதும், ஸர்நிகோர் தவிர மற்றப் பிள்ளைகளும் கலைந்தார்கள். மஹ்ஃபூஸா வாய்விட்டுச் சிரித்தாள்.

"போறாரு பாரு, அறிவுக்கொழுந்து! அந்த மூஞ்சியப் பாத்தியாடி?"

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஸர்நிகோர் சிரிக்கவில்லை.

"அவருக்கு நெசமாவே தெரியாது, முஅல்லிமா. உங்களுக்குத் தெரியும்." கைச் சுண்ணப்பொடியைத் தட்டிவிட்டுப் பையை எடுத்தாள். "நாளைலேருந்து நீங்க சொல்லித் தர்றதுல எத நம்பணும்னு முன்னாடியே சொல்லிடுங்க."

குரலில் கோபமே இல்லை. கோபப்படும் அளவுக்குக்கூட இந்தப் பெண் இனித் தன்னை மதிக்கப்போவதில்லை என்பது மஹ்ஃபூஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது.